கைப்பேசிச் சந்தையில் முதலிடம்

வாணிகம் உள்ள இடத்தில் போட்டியும் உண்டு. ஓர் ஊரில் ஒரே ஒரு கடை இருக்குமாயின், கடைக்காரர் சொன்னதே விலை; அவர் கொடுத்ததே பொருள். அதே தெருவில் மற்றொரு கடை திறக்கப்பட்டால் மறுநாளே நிலைமை மாறிவிடும். முகங்கொடுத்துப் பேசாதவர் முகமலர்ந்து வரவேற்பார். நிறுக்கும்போது துலாக்கோல் வாங்குவோர் பக்கம் சற்றே தாழும். பழஞ்சரக்கு மறைந்து புதுச்சரக்கு முன்னே வரும். இம்மாற்றத்தை விளைத்தது யாது? போட்டியே ஆகும்.

சிற்றூரின் இரு கடைகளுக்கு இடையே நிகழும் இப்போட்டி, உலகம் முழுவதையும் ஒரே கடைத்தெருவாகக் கொண்டு நிகழுமாயின் அதன் வேகம் எத்தகையதாய் இருக்கும்? கைப்பேசியின் வரலாறு அதனை நமக்குக் காட்டுகிறது. அசைக்கவொண்ணாதவை என்று எண்ணப்பட்ட நிறுவனங்கள் அவ்வரலாற்றில் விரைந்து எழுந்தன. அதனினும் விரைந்து சாய்ந்தன. படை நடக்கவில்லை, முரசு முழங்கவில்லை. ஆயினும் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு அதனால் மாறியது. அக்குடும்பங்களுள் நம் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு. ஆதலின், இவ்வரலாற்றைக் கற்பது நமக்குப் பெரிதும் பயன்தரும்.

சந்தைப் பங்கு

முதற்கண், சந்தைப் பங்கு என்னும் தொடரின் பொருளைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஓர் ஆண்டில் விற்பனையாகும் கைப்பேசிகள் மொத்தம் 100 எனக் கொள்வோம். அவற்றுள் 40 கைப்பேசிகள் ஒரே நிறுவனம் செய்தவையாயின், அந்நிறுவனத்தின் சந்தைப் பங்கு 40 விழுக்காடு ஆகும். அடுத்த ஆண்டில் மக்கள் 200 கைப்பேசிகளை வாங்குகின்றனர். அந்நிறுவனம் 50 கைப்பேசிகளை விற்கிறது. இப்பொழுது அதன் நிலை உயர்ந்ததா, தாழ்ந்ததா? விற்பனை 40 என்பதிலிருந்து 50 ஆகப் பெருகியது. சந்தைப் பங்கோ 40 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகச் சுருங்கியது. தன் பேரேட்டை மட்டும் பார்க்கும் வணிகர் மகிழ்ச்சியில் ஆழ்வார். கடைத்தெரு முழுவதையும் நோக்கும் வணிகர் கவலை கொள்வார். இவ்விருவருள் உண்மையை உணர்ந்தவர் பின்னவரே. இக்கணக்கை மாணவர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். இதன் பயன் பின்னர் விளங்கும்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. விற்ற கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு பங்கினை அளப்பது ஒரு முறை. விற்றுவந்த பணத்தைக் கொண்டு அளப்பது மற்றொரு முறை. மலிவான பொருளைப் பத்துப் பேருக்கு விற்பவர் எண்ணிக்கையில் முந்துவார். விலையுயர்ந்த பொருளை இருவருக்கு விற்பவர் வருவாயில் முந்துதல் கூடும். ஆகவே, 'முதலிடம் எமக்கே' என்று ஒரு நிறுவனம் பறைசாற்றுமாயின், 'எந்தக் கணக்கில்? எந்த நாட்டில்? எந்தக் காலத்தில்?' என்று கேட்பதே அறிவுடைமை ஆகும்.

போட்டியின் தொடக்கம்

கையில் ஏந்திச் செல்லும் தொலைபேசியில் முதன்முதல் நிகழ்ந்த பேச்சே ஒரு போட்டியாளரை நோக்கியதாய் அமைந்தது. 1973 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள், மோட்டோரோலா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர், நியூயார்க்கு நகரத்தில் தெருவில் நின்றவாறே, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள ஒரு கருவியைக் காதில் வைத்து ஒருவரை அழைத்தார். அழைக்கப்பட்டவர் உறவினரும் அல்லர். நெருங்கிய நண்பரும் அல்லர். அதே துறையில் ஆய்வு நிகழ்த்திவந்த பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜோயல் எங்கல் என்பவரே அவர். போட்டியில் முந்தியவர், முந்திய செய்தியைப் பிந்தியவருக்கே அறிவித்தார் என்க.

பத்தாண்டுகள் கழிந்தபின் அக்கருவி விற்பனைக்கு ஏற்றதாகச் செப்பம் செய்யப்பட்டது. அதன் விலை 3,995 டாலர். செல்வரன்றிப் பிறர் அதனை வாங்க இயலவில்லை. ஆயினும் பல்லாண்டுகள் மோட்டோரோலாவே கைப்பேசி உலகில் தலைமை பூண்டு விளங்கியது.

அந்நாளைய கைப்பேசிகள் மனிதர் குரலை அலைவடிவாகவே ஏற்று அனுப்பின. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் எண்முறை பின்னர்த் தோன்றியது. இம்முறையில் ஒலி தெளிவாக இருக்கும். ஒரே அலைவரிசையில் மிகுந்த பேர் பேசவும் இயலும். 1991 ஆம் ஆண்டு சூலை 1 ஆம் நாள், பின்லாந்து நாட்டின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, ஜி.எஸ்.எம். எனப்படும் எண்முறைக் கட்டமைப்பில் முதல் அழைப்பைச் செய்தார். அக்கட்டமைப்பை அமைத்ததில் பெரும்பங்கு கொண்டது அந்நாட்டு நோக்கியா நிறுவனம். பழைய முறையில் வல்ல மோட்டோரோலா, தன் வன்மையை நம்பிப் புதிய முறைக்கு மாறுவதில் காலந்தாழ்த்தியது. நோக்கியா காலந்தாழ்த்தவில்லை. 1998 ஆம் ஆண்டில் மோட்டோரோலாவைப் பின்தள்ளி நோக்கியா உலகில் முதலிடம் பெற்றது.

நோக்கியாவின் ஏற்றம்

நோக்கியாவின் பிறப்பு கைப்பேசியோடு யாதொரு தொடர்பும் இல்லாதது. 1865 ஆம் ஆண்டில் பிரெடரிக் இடெஸ்டாம் என்னும் சுரங்கப் பொறியாளர், பின்லாந்தின் தாம்பரே நகரில் ஆற்றங்கரையில் ஒரு மரக்கூழ் ஆலையை நிறுவினார். அதுவே நோக்கியாவின் தொடக்கம். பின்னர் 1967 ஆம் ஆண்டில், இரப்பர்ப் பொருள் செய்த ஒரு நிறுவனமும் மின்கம்பி வடம் செய்த ஒரு நிறுவனமும் அதனோடு இணைந்தன. காகிதமும், இரப்பர்க் காலணியும், வடமும், தொலைக்காட்சிப் பெட்டியும் செய்துவந்த அந்நிறுவனம், 1990 ஆம் ஆண்டை ஒட்டிப் பெருந்துன்பத்துக்கு உள்ளாயிற்று. அதன் சரக்கை மிகுதியாக வாங்கிவந்த சோவியத்து ஒன்றியம் சிதைந்ததும் அதற்கு ஒரு காரணம். 1992 ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற யோர்மா ஒல்லிலா என்பவர், பழைய தொழில்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றையே பற்றினார். விடவேண்டியதை உரிய காலத்தில் விட்டதே நோக்கியாவின் ஏற்றத்துக்கு வித்தாயிற்று.

வாங்குவோரின் தேவையை ஆராய்வதிலும் அந்நாளைய நோக்கியா வல்லதாய் இருந்தது. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 1100 என்னும் கைப்பேசி இதற்குச் சான்று. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் வாழ்வார்க்கு உதவுமாறு அதில் ஒரு சிறு கைவிளக்கு அமைந்திருந்தது. வயலிலும் தெருவிலும் உழைப்போர் கையாளும்போது தூசி உட்புகாதவாறு அதன் விசைப்பலகை ஒரே உறையாய் மூடப்பட்டிருந்தது. வியர்த்த கையிலிருந்து நழுவாதவாறு அதன் பக்கங்கள் அமைந்தன. இக்கைப்பேசி 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 2007 ஆம் ஆண்டை ஒட்டி, உலகில் விற்ற கைப்பேசிகளுள் பத்தில் ஏறத்தாழ நான்கு நோக்கியாவினுடையவை.

நம் நாட்டிலும் அதன் கொடி பறந்தது. இராமானுசர் பிறந்த ஊராகிய ஸ்ரீபெரும்புதூரில், 2006 ஆம் ஆண்டில் நோக்கியா ஒரு பேராலையைத் திறந்தது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளைஞர் அங்கு வேலை பெற்றனர். அவர்களுள் பெண்கள் மிகப் பலர். உழவு பொய்த்தால் வருவாய் பொய்க்கும் குடும்பங்களில், திங்கள்தோறும் தவறாது வந்த அச்சம்பளம் தம்பியைப் படிக்க வைத்தது. தங்கைக்குத் திருமணம் செய்வித்தது. கூரை வீட்டை ஓட்டு வீடாக்கியது.

கண்ணாடித் திரை

2007 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் என்னும் புதிய கருவியை அறிமுகப்படுத்தினார். அதில் விசைப்பலகை இல்லை. முகப்பு முழுவதும் கண்ணாடித் திரையே. விரலால் தொட்டால் எழுத்துத் தோன்றும். விரலால் தள்ளினால் பக்கம் நகரும். பேசுவதோடு அமையாமல், கணிப்பொறி செய்யும் பணிகளையும் செய்யும் இத்தகைய கைப்பேசியைத் திறன்பேசி என்கிறோம். மக்கள் வழக்கில் அது ஸ்மார்ட்போன் எனப்படும். திறன்பேசிகள் அதற்கு முன்னரும் இருந்தன. கனடா நாட்டுப் பிளாக்பெர்ரியும் நோக்கியாவும் அவற்றை விற்றுவந்தன. தொடுதிரை உடைய ஒரு கருவியை நோக்கியாவே 2004 ஆம் ஆண்டில் அறிவித்திருந்தது. ஆதலின், நோக்கியா அறியாததனை ஆப்பிள் அறிந்திருந்தது என்று கூறுதல் பொருந்தாது. அறிந்ததனைப் பயனாக்கும் துணிவிலேதான் வேற்றுமை இருந்தது.

அடுத்த ஆண்டில் போட்டியின் இயல்பே மாறியது. 2008 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஆப்பிள் நிறுவனம் செயலிக் கடை ஒன்றைத் திறந்தது. தொடக்கத்தில் அதில் இருந்த செயலிகள் 500. யார் வேண்டுமாயினும் ஒரு செயலியை உருவாக்கி, ஆப்பிளின் ஒப்புதல் பெற்று, அக்கடையில் வைக்கலாம். அன்று முதல் கருவியோடு கருவி போட்டியிட்ட காலம் போயிற்று. எந்தக் கருவியைச் சூழ்ந்து மிகுந்த செயலிகள் உள்ளனவோ அக்கருவியையே மக்கள் விரும்பினர். எந்தக் கருவியை மிகுந்த மக்கள் வைத்திருக்கின்றனரோ அக்கருவிக்கே வல்லுநர் செயலிகளைச் செய்தனர். சந்தையில் கூட்டம் உள்ள பக்கமே கடைகள் பெருகுவதும், கடைகள் உள்ள பக்கமே கூட்டம் சேர்வதும் போன்றதே இது.

ஆப்பிளுக்கு எதிராகக் கூகுள் நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. ஆண்டிராய்டு என்னும் இயங்குதளத்தை 2005 ஆம் ஆண்டில் தனதாக்கிக்கொண்ட கூகுள், 2007 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 34 நிறுவனங்கள் கூடிய ஓர் அணியை அமைத்து, அவ்வியங்குதளத்தை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஆப்பிளின் வழி, மதிலும் வாயிற்காவலும் உடைய தனி மாளிகை போன்றது. ஆண்டிராய்டின் வழி, பலரும் வந்து தங்கும் பொதுச் சத்திரம் போன்றது. மாளிகையில் ஒழுங்கு மிகுதி. சத்திரத்தில் கூட்டம் மிகுதி. சாம்சங், எச்.டி.சி., மோட்டோரோலா முதலிய பல நிறுவனங்கள் அச்சத்திரத்தில் புகுந்தன. நோக்கியா இரண்டிலும் புகவில்லை. சிம்பியன் என்னும் தன் பழைய வீட்டையே செப்பனிட்டுக்கொண்டிருந்தது.

முன்னர்க் கூறிய கணக்கு இப்பொழுது நினைவுக்கு வருதல் வேண்டும். 2010 ஆம் ஆண்டில் நோக்கியா விற்ற திறன்பேசிகள், முந்திய ஆண்டில் விற்றவற்றினும் மிகுதியே. ஆயினும் அதன் சந்தைப் பங்கு குறைந்தது. பேரேடு பெருக்கத்தைக் காட்டியது; கடைத்தெரு தேய்வைக் காட்டியது.

2010 ஆம் ஆண்டில் நோக்கியாவின் தலைமையை ஏற்ற ஸ்டீபன் ஈலாப், 2011 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் ஊழியர்க்கு ஒரு மடல் எழுதினார். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடை தீப்பற்றி எரிய, அதன்மேல் நின்ற ஒருவன், எரிந்து மடிவதா, உறைபனிக் கடலில் குதிப்பதா என்று தடுமாறிய கதையைச் சொல்லி, நோக்கியாவின் நிலையும் அத்தகையதே என்றார். அதே திங்களில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, அதன் விண்டோஸ் இயங்குதளத்தை நோக்கியா ஏற்றது. ஆனால், அவ்வியங்குதளத்தில் செயலிகள் குறைவு. ஆகவே வாங்குவோரும் குறைவு. 2012 ஆம் ஆண்டின் முதற் காலாண்டில், நோக்கியா 14 ஆண்டுகள் வைத்திருந்த முதலிடம் சாம்சங்குக்குச் சென்றது. 2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலே மைக்ரோசாப்டுக்கு விற்கப்பட்டுவிட்டது. மறு ஆண்டில் மைக்ரோசாப்டும் தான் கொடுத்த விலைக்கு மேற்பட்ட தொகையை நட்டமாக எழுதியது.

மூடிய ஆலை

நிறுவனங்களின் ஏற்ற இறக்கத்தை எண்களால் எழுதிவிடலாம். அதனால் மனிதர் அடையும் துன்பத்தை அவ்வாறு எழுத இயலாது. நோக்கியாவின் கைப்பேசித் தொழில் விற்கப்பட்டபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒரு வரி வழக்கில் சிக்கியிருந்தமையால் அவ்விற்பனையில் சேரவில்லை. ஆகவே, அவ்வாலை எவருக்கும் முழுதும் உரியதாகாமல் தனித்து நின்றது. அதனிடமிருந்து கைப்பேசிகளை வாங்கிவந்த மைக்ரோசாப்ட் அவ்வுடன்பாட்டை முடித்துக்கொண்டது. 2014 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் அங்கு உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் இழப்பீட்டுத் தொகையைப் பெற்று வெளியேறினர்.

அவர்கள் செய்த குற்றம் யாது? சோம்பி இருந்தனரா? அன்று. செய்யும் தொழிலில் பிழை நேர்ந்ததா? அதுவும் அன்று. கோடிக்கணக்கான கைப்பேசிகளைக் குறைவற இணைத்துக் கொடுத்த கைகள் அவை. ஆனால், எதைச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை அக்கைகளுக்கு இல்லை. தலைமையின் தாமதத்துக்கு உரிய தண்டத்தைத் தொழிலாளர் செலுத்தினர். போட்டியைப் புகழ்ந்து பேசுவோர் இதனை மறத்தல் ஆகாது.

புதிய போட்டியாளர்

நோக்கியாவின் இடத்தைப் பெற்ற சாம்சங், 1938 ஆம் ஆண்டில் கொரியாவின் தேகு நகரில், கருவாடும் காய்கறியும் விற்கும் வணிக நிலையமாகத் தொடங்கப்பட்டது. பின்னர் அது மின்கருவித் தொழிலில் புகுந்தது. 1995 ஆம் ஆண்டில், தம் நிறுவனத்துக் கைப்பேசிகள் பழுதுடையன என்று கேள்வியுற்ற அதன் தலைவர் லீ குன்-ஹீ, குமி நகரத்து ஆலை முற்றத்தில் ஏறத்தாழ 1,50,000 கருவிகளைக் குவித்துத் தொழிலாளர் கண்முன்னே தீயிடச் செய்தார். 'தரமே முதன்மை' என்னும் எண்ணம் அத்தீயில் அவர்கள் உள்ளத்தில் பதிந்தது. திரையையும் நினைவகச் சில்லையும் தானே செய்ய வல்லதாய் இருந்தமையும் சாம்சங்குக்குப் பெருந்துணையாயிற்று.

இங்கு ஒரு விந்தையும் உண்டு. தன் வடிவமைப்பைக் கவர்ந்ததாக ஆப்பிள் 2011 ஆம் ஆண்டில் சாம்சங் மீது வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு 2018 ஆம் ஆண்டிலேயே உடன்பாட்டில் முடிந்தது. அவ்வழக்கு நடந்த காலத்திலும் ஐபோனுக்கு வேண்டிய உறுப்புகள் சிலவற்றைச் சாம்சங்கே செய்து விற்றுவந்தது. நீதிமன்றத்தில் பகைவர், பட்டறையில் கூட்டாளர்! இக்காலத் தொழிற்போட்டியின் இயல்பு இத்தகையது.

நம் நாட்டுச் சந்தையில் நிகழ்ந்ததும் அறியத்தக்கதே. ஒரே கைப்பேசியில் இரண்டு சிம் அட்டைகளைப் போட்டுப் பேசினால் செலவு குறையும் என்பதை இந்திய மக்கள் உணர்ந்திருந்தனர். நோக்கியா இத்தேவையை நெடுநாள் பொருட்படுத்தவில்லை. மைக்ரோமேக்ஸ் முதலிய இந்திய நிறுவனங்கள் பொருட்படுத்தின. மின்சாரம் அரிதான சிற்றூர்களை எண்ணி, ஒருமுறை மின்னூட்டினால் பலநாள் உழைக்கும் கைப்பேசியையும் மைக்ரோமேக்ஸ் விற்றது. இவற்றால் அது விரைவில் முன்னணியில் நின்றது. ஆனால், 2016 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறை அலைக்கற்றைச் சேவையைத் தொடங்கியபோது, இந்திய நிறுவனங்களின் கிடங்குகளில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிகளே மிகுதியாக இருந்தன. சீன நிறுவனங்கள் புதிய தலைமுறைக் கருவிகளோடு ஆயத்தமாய் நின்றன. சந்தை அவற்றின் கைக்கு மாறியது.

அச்சீன நிறுவனங்களுள் ஒன்று சியோமி. அச்சொல்லுக்குத் தினை என்பது பொருள். 2010 ஆம் ஆண்டில் லெய் சுன் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் அதனைத் தொடங்கிய நாளில் தினைக் கஞ்சி உண்டனர் என்று சொல்வர். கடைவாடகையும் விளம்பரச் செலவும் பெருகாதவாறு இணையத்தின் வழியே விற்று, சிறு ஊதியத்தோடு மனநிறைவு கொண்டு, விலையைத் தாழ்த்தியமையால் அது வளர்ந்தது. சீனத்தின் டிரான்சியன் என்னும் மற்றொரு நிறுவனம், பிறர் மிகுதியாகக் கருதாத ஆப்பிரிக்காவை நாடிச் சென்றது. கருநிற முகம் மங்கலின்றித் தெளிவாகப் பதியுமாறு ஒளிப்படக் கருவியைத் திருத்தியது; சுவாகிலி, அம்காரிக்கு முதலிய அந்நிலத்து மொழிகளில் கைப்பேசியை இயங்கச் செய்தது. இன்று ஆப்பிரிக்காவில் மிகுதியாக விற்பவை அதன் கைப்பேசிகளே. மக்களை மதித்து நோக்கியவர்க்கு மக்கள் அளித்த பரிசு அது.

நிலையாமை

இவ்வளவும் கண்ட நாம், எந்த முதலிடமும் நிலையானது அன்று என்பதை எளிதில் உணரலாம். பிளாக்பெர்ரி தன் கைப்பேசிகளைத் தானே செய்வதை 2016 ஆம் ஆண்டில் நிறுத்தியது. எல்.ஜி. நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் கைப்பேசித் தொழிலினின்று விலகியது. 2020 ஆம் ஆண்டில் ஒரு காலாண்டில் முதலிடம் எய்திய சீனத்து ஹுவாவே, அமெரிக்க அரசு விதித்த தடைகளால் சில்லும் செயலியும் பெறுதற்கு இடர்ப்பட்டு விரைவில் பின்னடைந்தது. 2023 ஆம் ஆண்டில், ஐ.டி.சி. என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட திறன்பேசிகள் ஏறத்தாழ 117 கோடி. அவற்றுள் ஆப்பிளின் பங்கு 23 கோடியே 46 லட்சம். சாம்சங்கின் பங்கு 22 கோடியே 66 லட்சம். ஆண்டுக் கணக்கில் ஆப்பிள் எண்ணிக்கையிலும் முதலிடம் பெற்றது அதுவே முதல்முறை.

ஸ்ரீபெரும்புதூரின் கதையும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2019 ஆம் ஆண்டு முதல் அப்பகுதியில் உள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் இணைக்கப்படலாயின. எந்தக் கருவி நோக்கியாவைச் சாய்த்ததோ அந்தக் கருவியே, நோக்கியா ஆலை மூடிய அதே வட்டாரத்தில் வேறு இளைஞர்க்கு வேலை அளித்தது. மகிழத்தக்கதே. ஆயினும், வேலை இழந்தவர்க்கு இடையில் கழிந்த ஐந்தாண்டுகளை எவர் திருப்பித் தருவர்?

நாம் கொள்ளும் பாடம்

இவ்வரலாற்றில் மூன்று வீழ்ச்சிகளைக் கண்டோம். பழைய அலைமுறையில் வல்ல மோட்டோரோலா, எண்முறை வந்தபோது தளர்ந்தது. விசைப்பலகையிலும் சிம்பியனிலும் வல்ல நோக்கியா, தொடுதிரையும் செயலியும் வந்தபோது தளர்ந்தது. மூன்றாம் தலைமுறையில் வளர்ந்த இந்திய நிறுவனங்கள், நான்காம் தலைமுறை வந்தபோது தளர்ந்தன. மூவரும் வலிமை இன்மையால் வீழ்ந்தாரல்லர். தம்மை உயர்த்திய வலிமையையே விடாது பற்றியமையால் வீழ்ந்தனர். எழுந்தோர் எல்லாரும், மக்களுக்கு அடுத்து எது வேண்டும் என்று நோக்கி எழுந்தனர். முதலிடம் என்பது ஒருவர் அமரும் இருக்கையே அன்றி அவருக்கு உரிய சொத்து அன்று.

போட்டியால் விளைந்த நன்மைகள் பல. ஒரு காலத்தில் செல்வர் கையில் மட்டும் இருந்த கருவி இன்று உழவர் கையிலும் மீனவர் கையிலும் உள்ளது. ஆனால், போட்டி எல்லை கடந்தால் தீமையும் விளையும். ஆண்டுதோறும் புதிது வாங்குமாறு மக்களைத் தூண்டுதலால், நல்ல கருவிகளும் குப்பையில் சேர்கின்றன. 2022 ஆம் ஆண்டில், கைப்பேசி உள்ளிட்ட மின்கருவிகளின் கழிவு உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் எனக் கணக்கிடப்பட்டது. இத்தகைய தீமையை நிறுவனங்கள் தாமே நீக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தல் அரிது. சட்டமே கரை கட்டுதல் வேண்டும். எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே வகை மின்னூட்டித் துளை வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. அதற்கு இணங்க ஆப்பிளும் 2023 ஆம் ஆண்டில் தன் ஐபோனின் துளையை மாற்றியது. ஆற்றுக்குக் கரை இருப்பதால் நீர் கெடுவதில்லை, ஊரே பிழைக்கிறது.

மாணவர்களே! நாளை நீங்கள் வாங்குவோராகவும் இருப்பீர்கள். தொழில் செய்வோராகவும் இருப்பீர்கள். வாங்கும்போது, விளம்பரம் கூறும் முதலிடத்தை நோக்காது உம் தேவையை நோக்குக. உள்ளது நன்றாய் இயங்குமாயின் புதிது வாங்காமையும் ஒரு நல்ல முடிவே. தொழில் செய்யும்போது, ஒரே கருவியை ஒரே வகையில் இணைக்கும் பயிற்சியோடு நின்றுவிடாது, அக்கருவி இயங்கும் முறையையும் கற்றுக்கொள்க. ஆலை மூடினும் கற்ற கல்வி மூடாது. உங்களுள் சிலர் நாளை நிறுவனங்களை நடத்துவோராகவும் விளங்கக்கூடும். அப்பொழுது உங்கள் பேரேட்டை மட்டும் பார்த்து மகிழாமல் கடைத்தெருவையும் பாருங்கள். கடைத்தெருவைப் பார்க்கும்போது, உங்கள் ஆலையில் உழைக்கும் கைகளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.